பொருக்கு டாக்டரம்மா

உனக்கு வேறு வேலையே கிடையாதா? எண்ணெய் ஜாடி எங்கே என்று பார்க்கச் சொன்னால் என் தகரப் பெட்டியைக் குடைந்திருக்கிறாய். குடைந்ததும் போதாதென்று அந்தச் சின்னக் கண்ணாடிப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுல ஏழுன்னு எழுதியிருக்கே, யாரோடது?" என்று கேள்வி வேறு. யாரோடதாக இருந்தால் உனக்கென்ன? தெருவில் போகிறவளை நிறுத்தி, உன் மாமியார் எதனால் செத்தாள் என்று கேள். சந்தோஷமாகச் சொல்வாள். என் பெட்டியில் கிடப்பதைக் கேட்காதே. கேட்டால் நான் சொல்லிவிடுவேன். சொன்னால் இன்றைக்கு உனக்குச் சோறு இறங்காது.

கேட்டுவிட்டாய். சரி, உட்கார். புட்டியைக் கீழே வை.

அது பொருக்கு டாக்டரம்மா கொடுத்தது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அவர் வந்த ஜீப்பின் கதவிலும் என்னவோ எழுதியிருந்தது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எண் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ஜீப் போய்விடும். அதனால் எந்த ஆபீஸ், எந்த ஊர் என்று என்னிடம் கேட்காதே.

நீங்கள் எல்லாம் பெரியம்மை பார்க்காத பிள்ளைகள். அது போட்டால் உடம்பெல்லாம் கொப்புளம். அதைக் கொப்புளம் என்று சொல்லக்கூடாது, முத்து என்று சொல்ல வேண்டும். அம்மன் போட்ட முத்து. பிழைத்தவர்களுக்கு முத்து காய்ந்து பொருக்காகி உதிரும். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றும்போது அந்தப் பொருக்கெல்லாம் போய்விடும். அந்தத் தண்ணீரை மரத்தடியில்தான் கொட்டுவோம், மிதிபடக்கூடாது. அப்பேர்ப்பட்ட பொருக்கைச் சின்னக் குழாயில் அடைத்து எடுத்துப்போக ஒரு பொம்பிளை ஜீப்பில் வந்தால் ஊர் என்ன பெயர் வைக்கும்? அதுதான் வைத்தது.

ஓசூரிலிருந்து தளி போகிற வழியில், இப்போது கம்பெனிக் கொட்டகைகள் நிற்கிற பக்கம்தான் அப்போது எங்கள் ஊர். நாலு வீட்டில் தமிழ், மூன்று வீட்டில் தெலுங்கு, கன்னடம் எல்லா வீட்டிலும். ஒரு மேடு ஏறி இறங்கினால் மைசூர் ராஜ்யம். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது. களி கிண்டின சட்டி மாதிரி முகமெல்லாம் குழி. ஒரு தடவை வந்தவளுக்கு மறுபடி வராது என்பதால், எந்த வீட்டில் அம்மை போட்டாலும் பார்த்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டரம்மா வந்த முதல் நாளே என்னிடம் நேராக வந்தார்.

"அம்மை வீட்டுக்குள்ள போறவ நீதானா?"

"ஆமாங்க. ஏங்க, உங்க ஆளுங்களுக்கு யாருக்காவது அம்மா வந்திருக்குதா?"

"இல்லை. எனக்குப் பொருக்கு வேணும்."

பார்த்தாயா, சுற்றி வளைக்கவே தெரியாது. ஒல்லி, உயரம், ஆம்பிளைச் செருப்பு, ஒரு கால் உடைந்து நூல் கட்டின கண்ணாடி. இடது கையில் அம்மை குத்தின தழும்பு வரிசையாக நாலு, பணியாரச் சட்டி மாதிரி. நாற்பது வயது இருக்கும். தாலி இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

"கல்யாணம் ஆகலீங்களா?" என்றாள் எதிர்வீட்டு ரத்தினம்மா.

"இல்லை."

"ஏங்க?"

"யாரும் கேக்கலை."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது ஜோக் இல்லை, பதில். கேட்டதற்குப் பதில் சொல்வார், உள்ளதைச் சொல்வார், அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார். அந்த அம்மாளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். எனக்கு அது புரிய இரண்டு கோடை ஆயிற்று.

என் மாமியார் ஒரு நாள் அவருக்குக் களி போட்டாள். பெரிய மனுஷி நம் வீட்டில் சாப்பிடுகிறாரே என்று பக்கத்திலேயே நின்று, "களி எப்படி இருக்குதுங்கம்மா?" என்றாள்.

"உப்பு இல்லை."

"எத்தனையோ பெரியவங்க எங்க வூட்டுக் களிய சாப்பிட்டிருக்காங்க. யாரும் அப்பிடிச் சொன்னதில்ல."

"பொய் சொல்லியிருப்பாங்க."

மூன்று நாள் மாமியார் முகம் உப்பியே கிடந்தது. நாலாம் நாளிலிருந்து களியில் உப்பு இருந்தது. பன்னிரண்டு வருஷமாக நான் சொல்ல முடியாததை அவர் இரண்டு சொல்லில் முடித்தார். அன்றைக்கே அவர்மேல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

மணியக்காரர் சம்சாரத்துக்கு அம்மை வந்தது. உள்முத்து, வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே போடுவது. ஊரே வாசலில் நின்று, "சரியாயிடும், அம்மா எறங்கிடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மணியக்காரர் ஜீப்பை மறித்தார்.

"டாக்டரம்மா, பொழச்சுக்குவாளா?"

"மாட்டாங்க."

விடிவதற்குள் அந்த அம்மாள் போய்விட்டாள். ஊர் டாக்டரம்மாவைக் கரிநாக்கு என்றது. ஜீப் சக்கரத்தில் சாணியைப் பூசினார்கள். ஆனால் பதினாறு முடிந்ததும் மணியக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாரும் சரியாயிடும்னாங்க. நான் கழனிக்குக் கெளம்பிட்டேன். அந்தம்மா சொன்னதாலதான் திரும்பிப் போயி அவ கைய புடிச்சிக்கிட்டு உக்காந்தேன்." அதற்குப் பிறகு ஊரில் யாரும் சாணி பூசவில்லை. கேட்க மட்டும் பயந்தார்கள்.

தெரியாததையும் அப்படித்தான் சொல்வார். அம்மை ஏன் கோடையில் வருகிறது? "தெரியாது." ஒரு வீட்டில் நாலு பேர் படுத்தால் மூன்று பேர் பிழைத்து ஒருத்தர் மட்டும் ஏன் போகிறார்? "தெரியாது." கோயில் பூசாரி விடவில்லை. "இவ்ளோ படிச்சுப்புட்டு எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்றீங்களே?"

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் அவ்வளவு படிச்சேன்."

இதை நினைவில் வைத்துக்கொள். பிறகு வேண்டியிருக்கும்.

ஓசூரில் ஓட்டு வீடு ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு மரப்பெட்டி, அடியில் மண்ணெண்ணெய் விளக்கு, பெட்டி நிறைய முட்டை. அடைகாத்த முட்டையாகப் பார்த்து நான்தான் வாங்கிக்கொண்டு போவேன். கோழிக்குப் பதில் விளக்கு அடைகாக்கும். முட்டை ஓட்டில் சின்னதாகத் துளை போட்டு, பொருக்கைக் கரைத்த தண்ணீரை உள்ளே விட்டு, மெழுகால் அடைப்பார். சில நாள் கழித்து ஒன்றை உடைத்து எனக்குக் காட்டினார். ஓட்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய தோல். அந்தத் தோலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

"ஐயோ, முத்து! முட்டைக்குள்ளயும் அம்மா வந்திருக்காளே!" என்றேன்.

"வந்திருக்கா" என்றார். "முட்டைக்குள்ள வந்தா நான் எண்ணலாம். எந்த மருந்து போட்டா கம்மியாகுதுன்னு பாக்கலாம்."

அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். இத்தனை வருஷம் படித்து, இத்தனை ஊர் சுற்றி, கல்யாணம் காட்சி இல்லாமல் அந்த அம்மாள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். அம்மை வராமல் தடுக்கக் குத்துகிற ஊசி ஏற்கனவே இருந்தது. வந்துவிட்டால் கொடுப்பதற்கு மருந்து இல்லை. உலகத்தில் யாரிடமும் இல்லை.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். உன் அம்மாவுக்கு மூத்தவள். செல்லி என்று பெயர், ஐந்து வயது. அவள் அப்பன் அப்போது கோலார் பக்கம் சுரங்க வேலையில் இருந்தான். அதனால் நான் போகிற இடமெல்லாம் அவளும் வருவாள், அம்மை வீட்டைத் தவிர. டாக்டரம்மா முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், உள்ளே செவசெவ என்று நரம்பு ஓடும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். செல்லி கையைத் தட்டிக்கொண்டு, "முட்டைக்குள்ள சூரியன்! முட்டைக்குள்ள சூரியன்!" என்பாள். அவர் எண்ணுகிற வேலையை நிறுத்திவிட்டு இன்னொரு முட்டையை எடுத்துக் காட்டுவார்.

ஒரு நாள் செல்லி கேட்டாள். "அந்தக் குஞ்சு வெளிய வருமா?"

"வராது. செத்துப்போயிடும்."

பிள்ளை ஓ என்று அழுதது. எனக்குக் கோபம் வந்தது. "வரும்னு சொன்னா உங்க வாய் வெந்துபோயிடுமா டாக்டரம்மா?"

"கேட்டாளே."

இன்னொன்று. பொய் சொல்லாதவர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. மற்றவர்கள் சொல்வதையும் அப்படியே நம்பிவிடுவார்கள். செல்லியின் கையைப் பார்த்து, "இவளுக்கு அம்மை குத்தியாச்சா?" என்றார் ஒரு நாள். "ஆச்சுங்க" என்றேன். ஆகவில்லை. எங்கள் ஊரில் யாருக்குமே ஆகவில்லை. மதராஸ் ராஜ்யத்து ஊசிக்காரர் வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடு தாண்டி மைசூர் ராஜ்யத்துக்கு ஓடுவோம். மைசூர் ராஜ்யத்து ஊசிக்காரர் வந்தால் அவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் ஓடி வருவார்கள். மேட்டில் எதிரெதிராகப் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். குத்தினால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று பயம். ஓட முடியாதவர்கள் பிள்ளை கையில் சேங்கொட்டைப் பாலை ஒரு பொட்டு வைப்பார்கள், துணி வெளுக்கிறவர்கள் குறி போட வைத்திருப்பது. புண்ணாகி ஆறினால் குத்தின தழும்பு மாதிரியே இருக்கும். செல்லியின் கையில் அதை வைத்தது நான்தான். என்னுடைய கெட்டிக்காரத்தனத்தை ஊரே மெச்சியது.

இரண்டாம் கோடையில் அவர் புட்டிகளோடு வந்தார். சின்னக் கண்ணாடிப் புட்டி, உள்ளே வெள்ளை மாத்திரை, மேலே ஒட்டின காகிதத்தில் எண். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக.

"முட்டையில கேட்டுது. மனுசங்ககிட்ட கேக்குதான்னு பாக்கணும்" என்றார்.

"அம்மை வூட்டுல மருந்து சேக்க மாட்டாங்களே டாக்டரம்மா. அம்மனுக்கு ஆகாதே."

"தெரியும். பொய் சொல்லிக் குடுக்க என்னால முடியாது."

"நீங்க ஏன் சொல்றீங்க? எனக்கு எதுக்கு வாய் இருக்குது?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். பொய் சொல்லாதவருக்கு ஒரு பொய்க்காரி கிடைத்தாள், அவ்வளவுதான். நான் வீடு வீடாகப் போய், அம்மன் என் கனவில் வந்ததாகவும், கூழில் கரைத்துக் கொடுக்கச் சொன்னதாகவும், டாக்டரம்மா கையால் வரும் என்று அடையாளம் சொன்னதாகவும் அளந்தேன். எந்தச் சேலையில் வந்தாள் என்று பூசாரி கேட்டார். "பச்சை. சரிகை கொஞ்சம் மங்கல்" என்றேன். நம்பினார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். யாருக்கு முதலில் முத்து போடுகிறதோ அவர்களுக்கு அடுத்த எண் புட்டி. அதற்குப் பிறகு போடுகிறவர்களுக்கு அதற்கு அடுத்த எண்.

"வரிசையை மட்டும் மாத்தக் கூடாது."

"மாத்துனா?"

"என் வேலை கெட்டுப்போயிடும்."

சரி, ஆபீஸ் கணக்கு என்று நினைத்தேன். எல்லாப் புட்டியிலும் வெள்ளை மாத்திரை, எல்லாம் ஒரே கசப்பு. நக்கியே பார்த்தேன். ஆனால் ஜனங்கள் எண்ணைப் பார்த்தார்கள். இரண்டாம் எண் புட்டி போன வீட்டுக் கிழவி முகத்தைச் சுளித்தாள். "ரெட்டப்படையா? மொய்யே ஒத்தப்படையிலதான் வெப்போம். எனக்கு மூணாம் நம்பரக் குடு." அப்போது நான் மாற்றவில்லை. அந்தக் கிழவி பிழைத்தாள். ஒன்றாம் எண் வீட்டுப் பெரியவர் போனார். நாலாம் எண் வீட்டு மருமகள் போனாள். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஆறு புட்டி முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை செல்லிக்கு முத்து போட்டது.

வியாழக்கிழமை எதிர்வீட்டு ரத்தினம்மாவின் மகன் நாகனுக்குப் போட்டது. இருவரும் ஒன்றாக மண்ணில் புரண்டவர்கள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்தார். செல்லியைப் பார்த்தார்.

"அம்மை குத்தியாச்சுன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன் டாக்டரம்மா."

அவர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததே இல்லை. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பையைத் திறந்து இரண்டு புட்டி எடுத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரத்தினம்மா வெளியாளை வீட்டுக்குள் விட மாட்டாள் என்பதால் இரண்டையும் என் கையிலேயே கொடுத்தார்.

"உன் பொண்ணுக்கு எட்டு. எதிர்வீட்டுப் பையனுக்கு ஏழு." ஜீப்பில் ஏறிய பிறகு தலையை வெளியே நீட்டி இன்னொரு தடவை சொன்னார். "எட்டு. மறந்துடாதே."

எதையும் இரண்டு தடவை சொல்கிறவர் இல்லை அவர்.

ஜீப் கிளம்பிப் புழுதி அடங்குவதற்குள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன். எங்கள் வீட்டில்தான் முதலில் முத்து போட்டது. செவ்வாய் முதலா, வியாழன் முதலா? அவர் போட்ட வரிசைப்படி ஏழு என் மகளுடையது. அதை எடுத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு எட்டைக் கொடுக்கிறார். எட்டு என்றால் அட்டமி, அஷ்டமத்துச் சனி. ஏழு என்றால் கன்னிமார், எங்கள் ஏரிக்கரையில் ஏழு கல்லாக நிற்கிறவர்கள். நான் பொய் சொன்னதற்கு என் பிள்ளையைத் தண்டிக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு கோடை நாய் மாதிரி அவர் பின்னால் சுற்றினேனே, கடைசியில் எனக்கா இது என்று நினைத்தேன்.

தெருவைக் கடக்க எட்டு அடி. பாதித் தெருவில், மடியில் இருந்த இரண்டு புட்டியையும் மாற்றிக்கொண்டேன். எட்டை ரத்தினம்மாவின் கையில் கொடுத்தேன். அவளுக்கு எண் தெரியாது. கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஏழாம் எண் மாத்திரையை நசுக்கிக் கூழில் கரைத்து வேளைக்கு வேளை நானே ஊட்டினேன். ஆறாம் நாள் செல்லி, "அம்மா, முட்டைய காட்டச் சொல்லு" என்றாள். இமை ஒட்டிக்கொண்டு கண் திறக்க முடியவில்லை. "டாக்டரம்மா வரட்டும், சூரியனக் காட்டுவாங்க" என்றேன். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

நாகன் பிழைத்தான். அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டார்கள். போனேன். என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

காரியம் முடிந்த பிறகு, மிச்சமிருந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க ஓசூருக்கு நடந்தேன். எந்தப் புட்டியில் எத்தனை மிச்சம் என்று அவர் எழுதிக்கொள்வார். அது அவர் வழக்கம். வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். சேதி அவருக்கும் போயிருந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷி. நான் புட்டியை நீட்டினேன். எண்ணைப் பார்த்தார்.

"இது அந்தப் பையனோடது. உன்கிட்ட எப்படி வந்தது?"

"மாத்திட்டேன் டாக்டரம்மா."

"என்ன?"

"எங்க வூட்டுலதான் மொதல்ல முத்து போட்டுச்சி. ஏழு எங்களுக்குத்தானே வரணும்? நீங்க வரிசைய மாத்திட்டீங்க. நான் சரி பண்ணிட்டேன்."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். மேசைமேல் இருந்த முட்டைகள் ஒன்றோடொன்று இடித்தன. அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. அவரோடு பழகிய இத்தனை நாளில் நான் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன்.

"இதுல என்னாங்க இருக்குது?"

"மாவு."

"மாவா?"

"மாவு. கசப்புக்குக் கொஞ்சம் வேற சேத்தது."

"எட்டுல?"

"மருந்து."

"ஒண்ணு, மூணு, அஞ்சு?"

"மாவு. ரெண்டு, நாலு, ஆறு மருந்து."

ஒன்றாம் எண் வீட்டுப் பெரியவருக்கு என் கையால் ஊட்டியிருக்கிறேன். கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு, "நல்லாயிருப்ப தாயி" என்று சொன்னார் அவர்.

"ஏங்க இப்பிடி?"

"எல்லாருக்கும் மருந்தே குடுத்தா, பொழச்சவங்க மருந்தால பொழச்சாங்களா, தன்னால பொழச்சாங்களான்னு தெரியாது. பாதிப் பேருக்குக் குடுக்காம இருந்தாத்தான் தெரியும். வேற வழி இல்லை."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலை."

பொய்க்காரி ஏமாற்றினால் அது வெறும் ஏமாற்று. என்னை யாரும் முழுசாக நம்பியதில்லை, அதனால் என்னால் யாரையும் முழுசாகக் கெடுக்க முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒரே ஒரு வாயை. அந்த வாய் ஒரு பொய்கூடச் சொல்லாமல், என் கையாலேயே என் மகளுக்கு மாவை ஊட்ட வைத்தது.

ஆனால் அதற்குள் எனக்கு மற்றதும் புரிந்துவிட்டது. வரிசைப்படி ஏழுதான் செல்லிக்கு வந்தது. அது மாவு என்று அவருக்குத் தெரியும். நிலைப்படியில் உட்கார்ந்து இரண்டு புட்டியையும் மாறி மாறிப் பார்த்தாரே, அப்போது தன் வேலையைத் தானே கெடுத்துக்கொண்டு எட்டை எடுத்து என் கையில் வைத்தார். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு மாவை ஒதுக்கிவிட்டுத்தான் வைத்தார். இரண்டு தடவை சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காமல், தெருவில் நின்று மாற்றிக்கொண்டேன்.

"எட்டக் குடுத்திருந்தா எம்பொண்ணு பொழச்சிருப்பாளா டாக்டரம்மா?"

கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் சொல்கிற அம்மாள், கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. திரும்பப் போட்டுக்கொண்டார். நூல் கட்டின கால் காதில் நிற்காமல் வழுக்கியது.

"மாட்டா" என்றார்.

பூசாரிக்குச் சொன்ன பதிலை நினைவில் வை என்றேனே, இதற்குத்தான். அந்த மருந்து கேட்குமா கேட்காதா என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை புட்டி, இத்தனை வரிசை, இத்தனை மாவு. தெரியாது என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

"அப்ப எதுக்கு வரிசைய மாத்தி எனக்கு எட்டு குடுத்தீங்க?"

மரப்பெட்டியின் அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ ஒரு முட்டையில் ஓட்டைக் கொத்துகிற சத்தம் கேட்டது. மேசையில் விரித்திருந்த நோட்டில் அவர் ஏழாம் வரியையும் எட்டாம் வரியையும் கோடு போட்டு அடித்தார். பிறகு பக்கம் முழுவதையும் அடித்தார். புட்டிக்காகக் கை நீட்டியவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். அவர் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அடுத்த வாரம் ஜீப் போய்விட்டது. திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கே இருந்தார், மருந்து கிடைத்ததா, யார் கண்டது? ஊசிக்காரர் அடுத்த தடவை வந்தபோது நான் ஓடவில்லை. அதற்குள் பிறந்து கைக்குழந்தையாக இருந்த உன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் முதல் ஆளாக நின்றேன். ரத்தினம்மாவும் நாலைந்து பேரும் என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார்கள்.

அதற்கும் முன்னால், ஜீப் போன மறுநாள், கிணற்றடியில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒன்றாம் எண் வீட்டுப் பெரியவரின் மருமகள்தான் ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா போயிட்டாங்களாமே அக்கா? எங்க மாமாவுக்கும் புட்டி குடுத்தாங்க, போயிட்டாரு. உங்க செல்லிக்கும் குடுத்தாங்க. இவ புள்ளைக்கு மட்டும் எப்பிடிக் கேட்டுச்சி? அந்தப் புட்டியில என்னதான் இருந்துச்சாம்?"

ரத்தினம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள். நாகன் அவள் முந்தானைக்குப் பின்னால் நின்று, முகத்தில் உதிராமல் மிச்சமிருந்த பொருக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். அவள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னவோ அவள் பிள்ளை என் பிள்ளையின் பங்கைத் தின்றுவிட்ட மாதிரி.

நான் கயிற்றை இழுத்து வாளியைக் கிணற்று விளிம்பில் வைத்தேன்.

"எல்லாப் புட்டியிலயும் ஒரே மருந்துதாண்டி" என்றேன். "நானே வாயத் தொறந்து கேட்டேன், அவங்களே சொன்னாங்க. அந்தம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"